பல வண்டிகளால் ஆன ஒரு வண்டி

நாமக்கல்லிலிருந்து வடகிழக்கே சேந்தமங்கலத்தைக் கடந்து கொல்லிமலையின் அடிவாரம் வரையில் விரிந்து கிடக்கும் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மோட்டார் வாகனம் என்பது இரண்டு தனித்தனிப் பொருள்களின் சேர்க்கை என்ற விஷயத்தை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாகப் புறப்பட்டு, கூரையோ கதவோ இல்லாமல், வெயிலையும் புழுதியையும் முகத்தில் ஏற்றுக்கொண்ட டிரைவரால் ஓட்டிவரப்படும் லாரிகள், நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளில் மரமும் தகடும் ஏறப்பெற்று, வர்ணமும் பெயரும் பூண்டு, முழு வாகனமாக வெளியேறுவது இங்கே நித்திய நிகழ்ச்சி. திருச்செங்கோட்டார் இதிலும் ஒரு படி மேலே போய், லாரியின் சேசிஸ் ஒரு கம்பெனியுடையதாகவும், அதன் மேல் ஏற்றிய கம்ப்ரஸர் இன்னொரு கம்பெனியுடையதாகவும், துளை போடும் கோபுரம் பட்டறையில் செய்ததாகவும் அமைந்த ரிக் வண்டிகளை இந்தியாவின் பல மூலைகளுக்கும் அனுப்பிப் பழகியவர்கள். ஆகவே, வெவ்வேறு வயதும் வெவ்வேறு பிறப்பும் கொண்ட பாகங்கள் ஒரே வாகனத்தில் கூடி வாழ்வது முறையா, முறையற்றதா என்று பட்டணத்துச் சேகரிப்பாளர்கள் நடத்தும் தர்க்கம், இந்தச் சீமையில் காதில் விழும்போது சற்று விநோதமாகவே ஒலிக்கும்.

அந்தத் தர்க்கத்துக்கு அதிகம் இலக்காகும் பழைய கார்களில் ஒன்று ஃபோக்ஸ்வேகன் பீட்டில். என்ஜினைப் பின்புறத்தில் சுமந்து, பெட்டி வைக்கும் டிக்கியை முன்புறத்தில் அமைத்துக்கொண்ட அந்தக் காரின் கட்டமைப்பை நாமக்கல் பட்டறைக்காரர் ஒருவரிடம் விளக்கப் புகுந்தால், பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லிவிடுவார். அடியில் தட்டையான இரும்புத் தளம். அதன் நடுவே நீளவாட்டில் கியர் கம்பியையும் கேபிள்களையும் உள்ளடக்கி ஓடும் ஒரு குழாய். அதன் பின்கோடியில் கியர் பாக்ஸும் என்ஜினும். இவற்றின் மேல் ரப்பர் பேக்கிங் வைத்துச் சுற்றிலும் போல்ட்டுகளால் இறுக்கிய கூடு. போல்ட்டுகளைக் கழற்றினால், ஆட்கள் சிலர் கை கொடுத்துக் கூட்டைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். ஒரு வருஷத்துக் கூட்டை இன்னொரு வருஷத்துத் தளத்தில் உட்கார வைக்கும் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது இதிலேயே தெரியும்.

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் வகுத்த உருவம் அது. யுத்தத்தில் சிதைந்த தொழிற்சாலையை 1945-இல் ஐவன் ஹெர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர் மீண்டும் இயக்கி வைத்ததிலிருந்து, மெக்ஸிகோ தேசத்துப் புவெப்லா நகரில் 2003 ஜூலை 30 அன்று கடைசி வண்டி இறங்கியது வரையில் கணக்கிட்டால், மொத்தம் 2,15,29,464 கார்கள். இத்தனை நீண்ட காலம் வெளித்தோற்றத்தை ஏறக்குறைய மாற்றாமல், உள்ளுறுப்புகளை மட்டும் ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்பதுதான் பழுது பார்ப்பவனுடைய இன்னல்கள் அனைத்துக்கும் மூலம். அம்பாஸடர் பாகத்தைக் கொண்டுவந்து பீட்டிலில் வைத்தால், பொருந்தாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 1964-ஆம் வருஷத்துப் பீட்டிலின் பாகத்தை 1968-ஆம் வருஷத்துப் பீட்டிலில் வைத்தாலோ, கண்ணுக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தும், சில சமயம் மரைக்குக்கூடப் பொருந்தும். பொருந்தவில்லை என்பது ஆயிரம் மைல் ஓடிய பிறகே வெளிப்படும். வேற்று வண்டியின் பாகத்தைக் காட்டிலும் உறவு வண்டியின் பாகமே அதிக ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவில் இந்தக் கலப்படம் மற்ற தேசங்களைவிட அதிகமாக நேர்ந்ததற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத மோட்டார் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்ற கொள்கை டாரிஃப் கமிஷனின் சிபாரிசின் பேரில் 1953-இல் உறுதிப்பட்டது. அதுகாறும் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்று வந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த ஆண்டுக்குள் கடையைக் கட்டின. அதன் பிறகு சாலைகளை ஆண்டவை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸடரும், பம்பாயில் செய்த ஃபியட்டும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும். பீட்டில் இந்த மூன்று குடும்பங்களிலும் சேராதது. தடைக்கு முன்னால் கப்பலில் வந்தவை, தூதராலயத்தார் கொண்டுவந்து பின்பு ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாயிலாக விற்பனையானவை, அயல்நாட்டு வாசம் முடித்துத் திரும்பியவர்கள் வரி கட்டி இறக்கியவை என்று சிறு சிறு ஓடைகளாக வந்தனவே தவிர, அவற்றுக்கு உதிரிப் பாகம் தருவிக்கும் ராஜபாட்டை எதுவும் இருக்கவில்லை. கடலைத் தாண்டினால் இலங்கையில் பீட்டில் ஏராளமாக ஓடிற்று. இங்கேயோ ஒரு கார்புரேட்டர் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது எங்கோ ஒரு காயலான் கடையில் இன்னொரு பீட்டில் உயிர் துறக்கக் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த பாகம் எந்த வருஷத்தது என்று பார்த்து வாங்கும் வசதி எவனுக்கு இருந்தது? கிடைத்ததைப் போட்டான், ஓடிற்று. ஆகையால் இன்று நம்முடைய ஜில்லாக்களில் எஞ்சியிருக்கும் ஒரு பீட்டிலைப் பிரித்துப் பார்த்தால் நாலைந்து வருஷங்கள் ஒன்றாகக் குடியிருப்பதைக் காண்பது அதிசயமன்று.

பழுது பார்க்கப் புகுமுன் முதற்காரியம், எந்த எந்த வருஷம் உள்ளே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பின்புறக் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் கூடு 1953 மார்ச்சுக்கு முந்தியது. முட்டை வடிவாக இருந்தால் 1957-இன் நடுப்பகுதி வரையிலானது. அகன்ற நாற்கோணமாக இருந்தால் அதற்குப் பிந்தியது. முன் அச்சில் கிங் பின் இருக்கிறதா, பால் ஜாயின்ட் இருக்கிறதா என்று பார்த்தால், அது 1965 ஆகஸ்டுக்கு முன்னா பின்னா என்பது பெரும்பாலும் விளங்கும். சக்கரத்தில் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்டு இருந்தால் பழையது. 130 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு இருந்தால் புதியது. முன்னே ஐந்தும் பின்னே நான்கும் இருந்தால் ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கு என்பதை வண்டிக்காரர் பகவானிடம்தான் கேட்க வேண்டும். பெட்ரோல் மீட்டர் இல்லாமல், காலடியில் ரிசர்வ் திருகு மட்டும் இருந்தால் 1961 ஆகஸ்டுக்கு முந்தியது என்று கொள்ளலாம். பின் இருக்கையைத் தூக்கினால் நடுக்குழாயின் மீது சேசிஸ் எண் பொறித்திருக்கும். டைனமோ உட்கார்ந்திருக்கும் தாங்கிக்குக் கீழே என்ஜின் எண்.

இந்த இரண்டு எண்களும் இரண்டு வருஷங்களைச் சொன்னால், வண்டியின் வயது எது? வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கேள்விகளில், காளி கோவிலில் தலைகளை மாற்றி ஒட்டிவிட்ட பெண்ணின் கதை ஒன்று உண்டு. உடல் ஒருவனுடையது, தலை ஒருவனுடையது, கணவன் எவன் என்று கேட்ட வேதாளத்துக்கு, உறுப்புகளில் பிரதானமான தலை எவனுடையதோ அவனே கணவன் என்று ராஜா தீர்ப்பளித்தான். மோட்டார் சட்டத்தின் வழக்கு இதற்கு நேர் எதிர்: சேசிஸ் எண்ணே வண்டியின் அடையாளம், என்ஜின் மாறலாம், மாறினால் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பீட்டில் விஷயத்தில் சட்டத்தின் தீர்ப்பே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த என்ஜின் அடிக்கடி கழற்றப்படுவதற்காகவே பிறந்தது. கியர் பாக்ஸோடு அதைப் பிணைப்பவை நாலே நாலு போல்ட்டுகள். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. பெட்ரோல் குழாய், ஆக்ஸிலேட்டர் கேபிள், சில ஒயர்கள், ஹீட்டர் இணைப்புகள் இவற்றை விடுவித்து, அடியில் ஜாக்கி கொடுத்துப் பின்னால் இழுத்துத் தாழ்த்தினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னே என்ஜின் தரையில் இறங்கிவிடும். இறக்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் வேறொன்றை ஏற்றுவதும் சுலபம் என்று மனிதன் நினைத்துவிடுகிறான்.

இங்கேதான் கணக்கு ஆரம்பமாகிறது. 1966 ஆகஸ்டில் தொடங்கிய மாடல் முதல் பெரும்பாலான பீட்டில்களில் மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாக உயர்ந்தது. மின்சாரம் மாறினால் பல்பை மாற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 6 வோல்ட் வண்டியின் ஃப்ளைவீலுக்கு 109 பற்கள். 12 வோல்ட் வண்டியின் ஃப்ளைவீலுக்கு 130. கிளட்ச் பிளேட் முன்னதில் 180 மில்லிமீட்டர். பின்னதில் வழக்கமாக 200. ஆகவே பழைய வண்டியில் புதிய என்ஜினை ஏற்றப் போனால், பெரிய ஃப்ளைவீல் கியர் பாக்ஸ் கூட்டின் உட்புறத்தில் உரசும். உரசுமிடத்தைச் சுரண்டி இடம் பண்ணினால், பழைய செல்ஃப் மோட்டாரின் பற்சக்கரம் புதிய பல்லோடு சேராது. புதிய செல்ஃப் மோட்டாரைக் கொண்டுவந்தால் அதன் தண்டின் நுனி, கியர் பாக்ஸ் கூட்டில் இருக்கும் புஷ்ஷின் துவாரத்தில் சரியாக அமராது. பீட்டிலின் செல்ஃப் மோட்டாருக்குத் தண்டின் நுனியைத் தாங்கும் பேரிங் தனக்கென்று இல்லை. அந்தச் சிறு புஷ்ஷையே நம்பிச் சுற்றுகிறது. ஒரு லேத்துப் பட்டறையில் கன்மெட்டலில் சரியான அளவுக்கு ஒரு புஷ் கடைந்து வாங்கினால், அற்ப விலையில் தீர்கிற காரியம். அது தெரியாமல், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கறகறவென்று அரைபடும் சத்தத்துக்கு பேட்டரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என்ஜின்களுக்குள்ளேயும் இதே மயக்கம். 1200 என்று வழங்கும் 1192 சி.சி. என்ஜினுக்கும், 1300 என்று வழங்கும் 1285 சி.சி. என்ஜினுக்கும் சிலிண்டரின் விட்டம் ஒன்றே: 77 மில்லிமீட்டர். வேறுபாடு கிராங்க் சாஃப்ட்டின் வீச்சில்; ஒன்றுக்கு 64, மற்றதற்கு 69. மேசையின் மேல் பிஸ்டனைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பவனுக்கு அந்த 5 மில்லிமீட்டர் எப்படித் தெரியும்? கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டி யந்திர ஞானம் பெற்றார் என்று சொல்வார்கள்; அவர் வழியில் வந்த நம் மெக்கானிக்குகளுக்குப் பிரிக்கும் தைரியமும் பூட்டும் சாமர்த்தியமும் நிறைய உண்டு. அளந்து எழுதி வைக்கும் பழக்கம்தான் அவ்வளவாக இல்லை. "போட்டுப் பார்க்கலாமுங்க, செட் ஆயிடும்" என்ற வாக்கியம் நம் பட்டறைகளில் தினமும் கேட்கிறது. லாரிக்கு அது பெரும்பாலும் பலித்துவிடுகிறது. காற்றினால் குளிரும் என்ஜினுக்குப் பலிப்பதில்லை.

காற்றினால் குளிர்தல் என்ற விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சித்திரை வெயிலில் சேலம், நாமக்கல் சாலைகளில் ஓட வேண்டிய பீட்டிலுக்கு ஆயுள் பலம் இதில்தான் இருக்கிறது. நாலு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. மேலே ஒரு விசிறி, ஃபேன் பெல்ட்டினால் சுற்றி, பின்புறக் கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியாகக் குளிர்ந்த காற்றை இழுத்து, ஒரு தகட்டுக் கூட்டுக்குள் செலுத்தி, சிலிண்டர்களின் செதில்களுக்கு இடையே கீழ்நோக்கித் தள்ளுகிறது. சூடேறிய காற்று அடிவழியே வெளியேற வேண்டும். மறுபடி மேலே ஏறி விசிறியின் வாய்க்குள் போய்விடக் கூடாது. இதற்காக என்ஜினைச் சுற்றி மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் பிரிக்கும் தகடுகளும், தகட்டின் ஓரத்துக்கும் கூட்டின் ஓரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டையும் உண்டு. பல கைகள் மாறிய வண்டியில் முதலில் காணாமற் போவது இந்தத் தகடுகளே. என்ஜினைக் கழற்றுகிறவன் அவற்றைத் தனியே எடுத்து வைக்கிறான். பூட்டும்போது ஒன்று மிஞ்சுகிறது. மிஞ்சியதன் பயன் அவனுக்கு விளங்கவில்லை. காயலான் கடைக்குப் போய்விடுகிறது. அல்லது 1200 என்ஜினின் தகட்டை 1500 என்ஜினுக்கு வளைத்துப் பூட்டி, விரல் நுழையும் இடைவெளியை அப்படியே விட்டுவிடுகிறான். வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் பிழை தெரிந்திருக்கும், ஓடுகிறதே! ஆனால் விசிறி தான் வெளியேற்றிய உஷ்ணத்தையே மறுபடி குடித்துக்கொண்டிருக்கிறது.

ஹீட்டர் கதை இன்னும் சுவாரசியமானது. குளிர் தேசத்தில் பிறந்த காராதலால், விசிறிக் காற்றில் ஒரு பங்கை இரண்டு குழாய்களின் வழியாகத் திருப்பி, சைலன்ஸர் பக்கம் சூடேற்றி, உட்காருபவர்களின் காலடிக்கு அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. நமக்கு ஹீட்டர் எதற்கு என்று கழற்றி எறிந்தவர்கள் அனந்தம் பேர். அவர்கள் கேள்வி நியாயமே. ஆனால் குழாய்களைக் கழற்றிய பிறகு விசிறிக் கூட்டில் மிஞ்சும் இரண்டு துவாரங்களை அடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அவ்வழியே வீணாகிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றும்போது, காற்றைத் திசை திருப்பிவிடும் உட்தகடுகளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள். அதனால் குளிர்ச்சி கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது.

மூன்றாவது சிலிண்டர் இந்தக் குடும்பத்தின் நோஞ்சான் பிள்ளை. 1970-களின் ஆரம்பத்தில் மாற்றியமைக்கும் வரையில், ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியை மறைத்துக்கொண்டு நின்றது. ஆகவே மூன்றாம் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகமாகக் காயும். வால்வு உடைந்தால் பெரும்பாலும் அதன் எக்ஸாஸ்ட் வால்வுதான் உடையும். இதை அறிந்தே, அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில், மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாக எழும்படி கேமைச் செதுக்கினார்கள். விஷயம் தெரியாத மெக்கானிக், நாலும் சமமாக இல்லையே, தேய்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, வேறு என்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டுவந்து மாட்டி, நாலையும் சமப்படுத்தித் திருப்தியடைகிறான். ஆயில் கூலர் பழைய இடத்திலும் டிஸ்ட்ரிபியூட்டர் புதிய முறையிலும் இருந்தால், ஒன்றை ஒன்று அறியாத இரண்டு காலங்கள் அந்தச் சிலிண்டரின் தலையில் மோதுகின்றன. கூலரை மாற்றுகிறவன் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றட்டும். ஒன்றைப் பழையதாக வைக்கிறவன் இரண்டையும் பழையதாக வைக்கட்டும்.

கலப்புக்கு விதி உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். உஷ்ணத்தை நடத்துபவை ஒரு கூட்டம்; பாரத்தையும் திசையையும் தாங்குபவை ஒரு கூட்டம்; பல்லும் பல்லும் கடித்துச் சுழல்பவை ஒரு கூட்டம். ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் உறுப்புகள் தங்களுக்குள் ஒரே காலத்தனவாக இருக்க வேண்டும். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு வயதில் வேறுபட்டால் அவ்வளவாகப் பாதகமில்லை. கதவுப் பிடி, ஹார்ன், இருக்கை, விளக்குக் கண்ணாடி ஆகியவை எந்தக் குலத்தில் பிறந்திருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அம்பாஸடரின் ஹார்னோடு ஓடும் பீட்டிலைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அதன் தகடுகளைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மரை விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பீட்டில் முழுதும் மில்லிமீட்டர் மரை. பிரிட்டிஷ் வம்சத்து அம்பாஸடரோ அங்குல மரை. இந்தியா 1956-இல் சட்டம் இயற்றி மெட்ரிக் அளவுக்கு மாறிய பின்னும், பட்டறை டப்பாவில் இரண்டு ஜாதி போல்ட்டுகளும் கலந்தே கிடந்தன. அங்குல போல்ட்டை மில்லிமீட்டர் துவாரத்தில் ஸ்பானரின் பலத்தால் ஏற்றினால் ஏறும். இரும்பானால் எப்படியாவது பொறுத்துக்கொள்ளும். ஆனால் பீட்டிலின் கிராங்க் கேஸ் மக்னீஸியக் கலப்பு உலோகம், ஹெட் அலுமினியம். ஏறிய மாத்திரத்தில் மரையை உரித்துவிடும். உரிந்த பிளக் துவாரத்தைப் பெரிதாக்கி எஃகு மரைச் சுருள் வைக்கலாம், அது நிரந்தரமான சிகிச்சை. எம்-ஸீல் வைத்து அடைப்பது சிகிச்சையே அன்று.

தளத்தில் துரு முதலில் தின்பது பின் இருக்கையின் வலப்புறத்தடியில், பேட்டரி இருக்குமிடம். டிங்கர் அங்கே புதுத் தகடு வைத்து வெல்டு அடிப்பார். பட்டி பூசி மறைப்பவரும் உண்டு. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துபோகும். பழைய 6 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் உயரமான 12 வோல்ட் பேட்டரியை அங்கே இறக்குகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கலாகாது: மேலே மனிதன் உட்கார்ந்ததும் இருக்கையின் இரும்பு ஸ்பிரிங்குகள் தாழ்ந்து இரண்டு முனைகளையும் தொட்டால், நார் திணித்த இருக்கை தீப்பற்றும். ரப்பர் மூடி ஒன்று போதும். அதுவும் இல்லாமல் ஓடும் வண்டிகள் உண்டு.

என்ஜின் பின்னால் இருப்பதனால் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில். பழைய 5.60-15 டயருக்கு முன்னே சுமார் 16 பவுண்டும் பின்னே 24 பவுண்டும் காற்று அடிக்கச் சொன்னார்கள். பங்க்சர் கடையில் வழக்கப்படி நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். நம் காலத்தில் பின்புற என்ஜினோடு 2009-இல் சாலைக்கு வந்த டாட்டா நானோவில், முன் டயரை 135-ஆகவும் பின் டயரை 155-ஆகவும் அகல வித்தியாசத்தோடு அமைத்ததும் இதே காரணத்தால். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் பழைய நைலான் டயரும் மாட்டுவதைக் கலப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. பின் அச்சு ஊசலாடும் பழைய வகையானால், வளைவின் நடுவே திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டுவிடும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால் முந்திக்கொண்டு வரும். முன் அச்சில் கிங் பின்னும் பின்னே பிந்திய வகை அச்சுமாக இருக்கும் வண்டியை நேர் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சான்று கூறுவதில் அர்த்தமில்லை.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நாற்சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று வகுத்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண்வரிசை கொடுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பராமரிப்பு முதலிய காரியங்களுக்கு ஓட்டலாம். தினசரிப் பிரயாணத்துக்கும் வியாபாரத்துக்கும் ஆகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டி அதன் ஆதி உருவத்தில் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ கூட்டிலோ என்ஜினிலோ கணிசமான மாறுதல் நேர்ந்திருக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. இதற்கு முன்பே 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவை எடுத்துக்காட்டி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியிருக்கிறது. பாதுகாப்பை உத்தேசித்த அந்தத் தீர்ப்போடு எனக்கு வழக்கில்லை. விண்டேஜ் விதியின் சொல்லாட்சியோடுதான் வழக்கு. இறக்குமதித் தடையின் காரணமாக 1962-ஆம் வருஷத்துத் தளத்தில் 1967-ஆம் வருஷத்து என்ஜினை ஏற்றிக்கொண்டு வாழ்ந்த பீட்டில், இந்தியச் சாலைகளின் சரித்திரத்தை எந்தக் கண்காட்சி வண்டியையும்விட உண்மையாகச் சொல்கிறது. அதை ஆதி உருவத்துக்குக் கொண்டுபோக, 1962-ஆம் வருஷத்து என்ஜின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து எண்ணைப் பொருத்திக் காட்டுவது, பழுது பார்த்தல் என்ற பெயரில் அந்தச் சரித்திரத்தை அழித்து எழுதுவதாகும். மாறுதல் வேறு, மாற்றுப் பாகம் வேறு. கூரையை வெட்டித் திறந்த வண்டியாக்குவதையும், உடைந்த என்ஜினுக்கு அதே கம்பெனியின் பிந்திய என்ஜினை ஏற்றுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும் விதி, அதிகாரியின் மனநிலையைப் பொறுத்து ஒருவருக்கு வரமாகவும் ஒருவருக்குச் சாபமாகவும் முடியும். எண்ணைச் சுரண்டிப் புது எண் பொறிக்கும் குற்றத்துக்கு ஆசை காட்டுவதும் இத்தகைய தெளிவின்மையே.

அதனால் வண்டியைத் திருத்துகிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. எந்தப் பாகம் எந்த வருஷத்தது, எங்கே வாங்கியது, எதைக் கடைந்தது, எதைச் சுரண்டியது, மரை எவ்வளவு என்று தேதியோடு எழுதி, ரசீதுகளை ஒட்டி வைத்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது சாட்சியாகும். அடுத்த மெக்கானிக்குக்கு அதுவே வழிகாட்டி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் மரத்துக்கும் தகட்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுகிற வழக்கம் இருக்கும்போது, ஒரு காருக்கு எழுதுவது பெரிய பாரமல்ல.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றி, ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தாழும்படி, டைனமோ புல்லியின் இரண்டு பாதிகளுக்கு இடையே வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, முதல் ஐந்நூறு கிலோமீட்டரைச் சமவெளியிலேயே ஓட்ட வேண்டும். சேந்தமங்கலம், நாமக்கல், புதன்சந்தை, ராசிபுரம் என்று சுற்றி வரலாம். பிறகு ஆயிலை மாற்றி, அதில் ஃபில்ட்டர் கிடையாதாகையால் அடியில் உள்ள சல்லடையைக் கழற்றித் துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, என்ஜின் முழுதும் ஆறிய காலை வேளையில் வால்வு இடைவெளியை, பழைய என்ஜினானால் 0.10 மில்லிமீட்டரும் பிந்தியதானால் 0.15-உமாக வைத்து, ரியர் ட்ரம்மின் 36 மில்லிமீட்டர் நட்டை நீண்ட குழாய் மாட்டி முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். கொல்லிமலைக்கு அதன் பின்புதான். காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில், விசிறியின் வேகம் வண்டியின் வேகத்தைப் பொறுத்தல்லாமல் என்ஜினின் வேகத்தைப் பொறுத்தே இருப்பதால், மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாம் கியரில் சத்தமாக ஏறுவதே என்ஜினுக்குக் குளிர்ச்சி. டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த வளைவு வரை போய்ப் பார்ப்போம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பெல்ட் அறுந்திருக்கும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் புகுந்தபின் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சடக்கென்று எடுக்காமல் ஓட்ட வேண்டும். உபரி பெல்ட் ஒன்றும், அதைக் கழற்றி மாட்டத் தேவையான ஸ்பானரும், ஸ்குரூ டிரைவரும் டிக்கியில் இருக்கட்டும்.